அருவியில் பழகு, ஆகாயத்தில் எடு!

தென்காசி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஆனால், விமானங்களைப் படமெடுக்கப் பழகுவதற்கு வேண்டியதெல்லாம் குற்றாலத்தைச் சுற்றியே இருக்கிறது.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை சென்னை மெரினாவின் வானம் விமானப்படை வசம் இருந்தது. ரஃபேல், சுகோய்-30, தேஜஸ், மிராஜ், ஜாகுவார், பிரசண்ட் ஹெலிகாப்டர், பழைய டகோட்டா என 72 விமானங்கள் வங்கக் கடலுக்கு மேல் வந்துபோயின. கரையில் திரண்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அந்தக் கூட்டம் ஏறியது. இந்திய விமானப்படையின் 92-ம் ஆண்டு விழாவுக்காக, 21 ஆண்டுகளுக்குப் பிறகு மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சி அது.

அன்று கடற்கரையில் தலைகளைவிட செல்போன்கள்தான் உயரமாக நின்றன. சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழிந்தன. படத்தைத் திறந்தால் வெளிறிய வானம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, கீழே யாரோ ஒருவரின் தொப்பி. “ஏலே, இதுவா ரஃபேலு?” என்று நெல்லைப் பக்கத்துக் குழுக்களில் கிண்டல் பறந்திருந்தால் அதில் வியப்பில்லை. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த விமானம் படத்தில் ஏன் கடுகாகிப் போனது?

புள்ளிக்குப் பின்னால் ஒரு கணக்கு

செல்போனின் பிரதான கேமரா, பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அரை கிலோமீட்டர் தொலைவில் அந்த லென்ஸ் பார்ப்பது சுமார் 700 மீட்டர் அகலமான வானத்தை. தேஜஸ் போர் விமானத்தின் நீளம் 13.2 மீட்டர். எழுநூறில் பதின்மூன்று என்றால் படத்தின் அகலத்தில் இரண்டு சதவீதம்கூட வராது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் விமானம் பெரிதாகாது, புள்ளிதான் பெரிதாகும்.

அதே இடத்தில் நின்று 400 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவில் பார்த்தால், சட்டத்துக்குள் அடங்கும் வானம் வெறும் 45 மீட்டர். தேஜஸ் அதில் கால் பங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். சென்சார் சிறிதாக இருக்கும் ஆரம்பநிலை கேமரா என்றால் அகலம் 30 மீட்டருக்குச் சுருங்கி, விமானம் இன்னும் பெரிதாகத் தெரியும். விமானப் படம் எடுப்பவர்கள் 100–400, 150–600 என்று நீள லென்ஸ்களைச் சுமந்து திரிவது இதற்காகத்தான்.

நீள லென்ஸ் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுக்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட், விநாடிக்கு 250 மீட்டர் கடக்கிறது. 45 மீட்டர் அகலமுள்ள சட்டத்தை அது தாண்டிப்போக ஐந்தில் ஒரு விநாடிகூட ஆகாது. கேமராவை ஒரே இடத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் விமானம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மிஞ்சுவது வால் மட்டும் தெரியும் ஒரு படம்.

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் விமானத்தளத்தின் வாசலில் போய் நின்றுதான் விடை தேட வேண்டும் என்பதில்லை. ஷட்டர் வேகம், சுழலும் இறக்கை, ஓடும் பொருளைத் துரத்துவது, வெள்ளை வெளிச்சத்தைச் சமாளிப்பது ஆகிய நான்கு பாடங்களும் தென்காசியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. கட்டணமும் இல்லை.

பேரருவி நடத்தும் ஷட்டர் வகுப்பு

ஜூனில் சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வரும் கேமராக்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அருவியைப் படமெடுப்பதில் இரண்டே வழிகள்தான் உருப்படியானவை. ஷட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால், பேரருவியின் பொங்குமாங்கடல் பள்ளத்தில் மோதித் தெறிக்கும் தண்ணீர் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும். டிரைபாடில் கேமராவை வைத்துக் கால் விநாடி திறந்து வைத்தால், அதே தண்ணீர் வெள்ளைத் துணியாக வழியும். இரண்டுக்கும் நடுவே 1/60, 1/100 என்று வைத்தால் துளியும் இல்லை, துணியும் இல்லை. ரெண்டுங்கெட்டான் படம்தான் வரும். நின்று போன தண்ணீரா, ஓடும் தண்ணீரா என்று பட்டனை அழுத்தும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

மெரினாவில் அதே கேள்வி ஒவ்வொரு விமானத்துக்கும் திரும்ப வந்தது. ரஃபேல், சுகோய் போன்ற ஜெட்களில் சுழலும் பாகம் வெளியே தெரிவதில்லை. எனவே 1/1600, 1/2000 என்று வேகத்தைக் கூட்டி, விமானத்தை அப்படியே உறைய வைக்கலாம். வேகம் கூடக்கூடப் படம் கூர்மையாகும். சுழற்சி தெரியாமல் போகுமே என்ற கவலை இல்லை.

டகோட்டா வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. ‘பரசுராமா’ என்று பெயர் சூட்டப்பட்ட இந்தப் பழைய விமானம் 2018-ல் விமானப்படைக்கு அன்பளிப்பாக வந்தது. அதன் வால் எண் விபி-905. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதல் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண் அது. இப்படிப்பட்ட விமானத்தை 1/2000-ல் எடுத்தால் முன்விசிறியின் மூன்று இலைகளும் அசையாமல் நிற்கும். எஞ்சின் நின்றுபோய் விமானம் விழப்போகிறதோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்த விசிறி நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுற்றுகிறது. 1/125-க்கு இறங்கினால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அது வட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் கடந்துவிடும். படத்தில் விசிறி சுழல்வது தெரியும். ஆனால் 1/125-ல் எடுப்பவரின் கை நடுங்கினால் முழு விமானமும் கலங்கிவிடும். அனுபவசாலிகள்கூடப் பத்துப் படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளும் இடம் இது.

காற்றாலையில் பிடிபடும் சாரங்

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்தது ‘சாரங்’ சாகசக் குழு. உடம்பெல்லாம் மயில் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று நோக்கி வந்து, மோதப்போவதுபோல் போக்குக் காட்டி விலகும். மெரினா கூட்டம் அதிகம் கூச்சலிட்ட காட்சிகளில் ஒன்று அது. படமெடுப்பவருக்கோ அது பெரிய சோதனை. இத்தகைய ஹெலிகாப்டரின் தலைக்கு மேலுள்ள விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றுகிறது. டகோட்டாவின் முன்விசிறியை விட மிக மெதுவான சுழற்சி. 1/2000-ல் எடுத்தால் ஒரு பாகைகூட நகராது. இலைகள் கம்பிபோல் நிற்கும். 1/125-ல் எடுத்தால் பதினான்கு பாகை நகரும். 1/60 என்றால் முப்பது பாகை. பார்க்க அழகு, எடுக்கத்தான் கடினம்.

இதைப் பழக ஹெலிகாப்டர் தேவையில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசி மாவட்டத்தின் காற்றாலைகளை ஓயாமல் சுற்ற வைக்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுற்றும் ஒரு பெரிய காற்றாலையின் இறக்கையில் ஏறத்தாழ அதே அளவு, பதினைந்து பாகை அசைவைக் காட்ட வேண்டுமானால், ஷட்டரை ஆறில் ஒரு விநாடி திறந்து வைக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு 1/125 போதும். சுழற்சி வேகமும் ஷட்டர் வேகமும் இப்படி ஒன்றுக்கொன்று பிணைந்திருப்பது ஒரு மாலை வயல்வெளியில் நின்றாலே கைக்குப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு எந்த விசிறியைப் பார்த்தாலும் எண் தானாக மனத்தில் ஓடும்.

பருந்தும் ஜெட்டும் ஒரே வேகம்

விமானத்தைக் கேமராவால் துரத்துவதைத்தான் ‘பேனிங்’ என்கிறார்கள். கால்களைச் சற்று அகட்டி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து மேல் உடம்பை மட்டும் திருப்ப வேண்டும். விமானம் நெருங்கும் முன்பே திரும்பத் தொடங்கி, அழுத்தி, அது கடந்து போன பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. அழுத்தியதும் உடம்பை நிறுத்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

எத்தனை வேகத்தில் திருப்ப வேண்டும்? அரை கிலோமீட்டர் தொலைவில், விநாடிக்கு 250 மீட்டர் போகும் ஜெட்டுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 29 பாகை. இப்போது கீழப்பாவூர் பக்கம் ஒரு குளக்கரை. இருபது மீட்டர் தொலைவில், விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஒரு செம்பருந்து கடந்து போகிறது. கணக்குப் போட்டால் அதற்கும் அதே 29 பாகைதான். பருந்தைச் சட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளத் தெரிந்த கைக்கு ரஃபேல் புதிதல்ல.

வகுப்புகளையும் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். முதலில் இறக்கையை விரித்து மிதந்து வரும் மஞ்சள்மூக்கு நாரை; பெரிய பறவை, நிதானமான பறத்தல். அடுத்து பருந்து. கடைசியில், பழைய கோபுரங்களைச் சுற்றி மாலையில் வட்டமிடும் உழவாரன் குருவி. அது எந்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எந்தக் குளத்தில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்று அறிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பது படம் பழகுபவருக்கு வசதி.

இதில் காதுக்கும் வேலை உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜெட்டின் சத்தம் கரைக்கு வந்து சேர ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் ஜெட் முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல் முன்னேறிவிடும். சத்தம் வந்த திசையில் கேமராவைத் திருப்பினால் அங்கே வானம்தான் இருக்கும். மெரினாவில் பலரின் படங்களில் வெற்று வானம் பதிவானதற்கு இதுவும் ஒரு காரணம். பழகியவர்கள் கடலின் இரு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானம் புகைக்கோடாகத் தெரியும்போதே போகஸ் பிடித்துவிடுவார்கள். தானியங்கி போகஸ் ‘தொடர்’ நிலையில் இருக்க வேண்டும். அதுவும் வெறும் வானத்தில் தடுமாறும் என்பதால், தொலைவில் நிற்கும் ஒரு கப்பலையோ மேகத்தையோ பிடித்து முன்கூட்டியே சரிசெய்துகொள்வது வழக்கம்.

வெள்ளை செய்யும் ஏமாற்று

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். பேரருவியின் வெள்ளைத் தண்ணீர் சட்டத்தை நிறைத்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று கேமரா குறைத்துவிடும். நுரை அழுக்குச் சாம்பலாகும், பாறை கரியாகும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் சரியாகும். அதிகமாகக் கூட்டினாலோ நுரையின் இழைகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முக்கால் படிக்கும் ஒன்றேகால் படிக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அருவிதான் சொல்லிக் கொடுக்கும்.

மெரினா வானத்திலும் இதே ஏமாற்று. போதாததற்கு அங்கே சூரியன் வேறு. அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையின் நண்பகல் சூரியன் உச்சிக்கு 18 பாகை மட்டுமே தெற்கே நிற்கிறது. வெளிச்சம் முழுக்க விமானத்தின் முதுகில் விழுகிறது. கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதோ நிழலில் கிடக்கும் வயிறு. கறுப்புப் புள்ளி கறுப்பாகவே இருந்ததற்கு இதுதான் காரணம். எக்ஸ்போஷரைக் கூட்டுவது ஒரு வழி. இன்னொன்று, காத்திருப்பது. விமானம் சாய்ந்து திரும்பும் ஒரு கணத்தில் முதுகைக் கரைப்பக்கம் காட்டும். அப்போது உடல் முழுதும் வெயிலில் மின்னும்.

அந்தத் திருப்பத்தில் இன்னொரு பரிசும் உண்டு. விமானம் கடுமையாக வளையும்போது இறக்கையின் மேல் காற்றழுத்தம் சட்டென்று குறைகிறது; வெப்பமும் குறைகிறது; காற்றிலுள்ள ஈரம் நொடிப்பொழுதில் வெண்புகையாகத் திரள்கிறது. உலர்ந்த ஊர்களில் இது அரிது. கடற்கரையின் ஈரக்காற்றில் வாய்ப்பு அதிகம்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. 1996-ல் பீதரில் தொடங்கிய ‘சூரியகிரண்’ சாகசக் குழுவில் ஒன்பது ஹாக் விமானங்கள், ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டர் இடைவெளியில் பறக்கின்றன. அவை வானம் முழுக்கப் புகையால் வரையும் கோலத்தை 400 மி.மீ. லென்ஸால் அள்ளவே முடியாது. அங்கே அகன்ற செல்போன் லென்ஸ்தான் ராஜா. கூட்டம், கலங்கரை விளக்கம், கடல், மேலே விரியும் புகை எல்லாம் ஒரே சட்டத்தில் அடங்கும்.

கிழக்குக் கடலும் மேற்குக் கடலும்

கட்டணம் கொடுத்து விமானம் பார்க்கும் வழக்கம் சென்னைக்குப் பழையது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி’ஆஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டி, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது.

இப்போது விமானப்படை தின விழா ஊர் ஊராகச் சுற்றுகிறது. 2022-ல் சண்டிகர், 2023-ல் பிரயாக்ராஜ், 2024-ல் சென்னை. 2025-ல் வான்காட்சி நவம்பர் 9 அன்று குவாஹாட்டியில், பிரம்மபுத்திரா ஆற்றின் மேல் நடந்தது. பெங்களூரு எலகங்காவில் 1996-லிருந்து ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிறது. 2025 பிப்ரவரியில் ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

தென்காசிக்காரர்களுக்கு மெரினாவைவிடக் கிட்டத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2025 டிசம்பர் 3 அன்று அங்குள்ள சங்குமுகம் கடற்கரையில் கடற்படை தினச் செயல்விளக்கம் குடியரசுத் தலைவர் முன்னிலையில் நடந்தது. போர்க்கப்பல்களோடு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. சங்குமுகம் மேற்கு பார்த்த கடற்கரை. மாலை நிகழ்ச்சி என்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் நிற்கும். மெரினாவில் பாடாய்ப்படுத்தும் கறுப்பு, இங்கே வேண்டுமென்றே எடுக்கும் நிழலுருவமாக மாறும்: செம்பொன் வானம், அதில் கத்தரித்து ஒட்டியதுபோல் ஹெலிகாப்டர். எக்ஸ்போஷரைக் கூட்டாமல், ஒரு படி குறைத்து எடுக்க வேண்டிய இடம் இது.

லென்ஸுக்கு வெளியே

மெரினாவின் அந்த ஞாயிறு கசப்பான முடிவையும் கண்டது. உச்சி வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, நிகழ்ச்சி முடிந்ததும் ரயில் நிலையங்களிலும் சாலைகளிலும் அசைய முடியாத நெரிசல். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏராளம். இரண்டாவது லென்ஸுக்குப் பதில் இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப்போவது புத்திசாலித்தனம். மணலில் நின்று லென்ஸ் மாற்றுவது கேமராவுக்கும் ஆபத்து. உப்புக்காற்றும் மணலும் சென்சாருக்குள் புகுந்துவிடும். ஒரே லென்ஸோடு இரண்டு மணி நேரமும் நிற்பவரே அதிகம் படம் எடுக்கிறார்.

மேலே பறப்பவர்களுக்கும் இது விளையாட்டல்ல. 2019 பிப்ரவரி 19 அன்று, ஏரோ இந்தியாவுக்கு முந்தைய நாள் ஒத்திகையில் இரண்டு சூரியகிரண் ஹாக்குகள் மோதி ஒரு விமானி இறந்தார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். இரண்டாவது விபத்தை நூற்றுக்கணக்கான கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நொடியின் படத்தைப் பகிர்வதா, வேண்டாமா என்பது அங்கிருந்த ஒவ்வொருவர் முன்னும் நின்ற கேள்வி.

சட்டத்தின் எல்லைகளும் உண்டு. மேடை போட்டு மக்களை அழைக்கும் நிகழ்ச்சியில் படமெடுப்பது வேறு. விமானத்தளத்தின் சுவரோரம் நின்று எடுப்பது வேறு. 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி, அரசு விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடைசெய்தது. ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையங்களில் பயணிகள் படமெடுக்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 மே மாதம் மீண்டும் கண்டிப்புக் காட்டியது. 2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகளோ வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன; சாகச நிகழ்ச்சி நடக்கும் வானத்தில் சொந்த ட்ரோனை ஏற்றுவது சட்டத்துக்கு மட்டுமல்ல, விமானியின் உயிருக்கும் எதிரானது.

குற்றாலத்திலும் கட்டுப்பாடு உண்டு. குளிப்பவர்களை நோக்கி நீள லென்ஸை நீட்டினால் அடி விழும், விழுவதும் நியாயமே. கூட்டம் சேராத விடியற்காலையில், அருவியின் மேல்பாதியை மட்டும் சட்டத்துக்குள் வைத்து எடுப்பது பாதுகாப்பு. செண்பகாதேவி அருவிப் பக்கம் வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதித்தால் அது கேமராவுக்கும் சேர்த்துத்தான்.

சாரலும் காற்றும் ஜூனில் தொடங்குகின்றன. விமானப்படை தினம் அக்டோபர் 8. இடையில் நான்கு மாதம் இருக்கிறது. அருவியில் ஷட்டரையும், காற்றாலையில் சுழற்சியையும், குளக்கரையில் பேனிங்கையும் பழகிவிட்டு, செங்கோட்டையில் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் எழும்பூர். சென்னைக்கு மறுபடி எப்போது முறை வரும் என்று தெரியாது. ஆனால் ஏரோ இந்தியா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும், அடுத்த கணக்கு 2027. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. தேதி அறிவித்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் படுக்கை கிடைக்காது.